காற்று வழிவிட்டால்



பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் 'பயணமும் பாட்டும்' என்ற பொருளில் பேசுமாறு அமைப்பாளர்கள் பணித்தார்கள். கடல்போன்ற தலைப்பு. அதில் ஒரு கை நீரை மட்டும் அள்ளிக்கொள்ள எனக்கு நானே அனுமதி வழங்கிக்கொண்டேன். ஆப்பிரிக்காக் கண்டத்தின் தென்பகுதியில் பறக்கும் சிறிய விமானங்களையும், அவற்றில் ஏறி இறங்கும் மனிதர்களையும் பற்றியே இன்று பேசப்போகிறேன். ஏன் அவ்வளவு தொலைவு என்று முன்வரிசையில் ஒருவர் புருவத்தை உயர்த்துகிறார். காரணம் இருக்கிறது. தேரைப் பாடினோம், ஓடத்தைப் பாடினோம், புகைவண்டி வந்தபோது அதற்கும் சிந்து கட்டினோம். விமானம் வந்து நூறாண்டுக்கு மேலாகியும் கவிதைக்குள் அதற்கு இன்னும் சரியான இருக்கை கிடைத்தபாடில்லை. வானத்தில் ஒரு வெள்ளிக்கோடாக, தொலைவில் போகும் ஓசையாக வந்து மறைகிறதே ஒழிய, உள்ளே அமர்ந்திருப்பவனின் நெஞ்சு பாட்டில் வருவதில்லை. இது விமானத்தின் குற்றமா, நம் குற்றமா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

பெரிய விமானத்தில் செல்பவன் பறப்பதை உணர்வதில்லை என்பது உண்மைதான். முந்நூறு பேரோடு ஒரு மண்டபத்தில் அடைபட்டு, உண்டு, உறங்கி, வேறொரு மண்டபத்தில் கண் விழிக்கிறான். சிறிய விமானம் அப்படிப்பட்டதன்று. அதில் உடம்புக்கு எடை உண்டு, காற்றுக்குக் கை உண்டு, விமானிக்கு முகம் உண்டு.

பணி நிமித்தமாகச் சில ஆண்டுகள் போட்ஸ்வானாவில் வாழும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. அந்நாட்டின் பரப்பு ஏறத்தாழ 5,82,000 சதுர கிலோமீட்டர். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள் தொகை 24 இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அண்டை நாடான நமீபியாவோ 8,24,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் சுமார் 30 இலட்சம் பேரைக் கொண்டது. ஊருக்கும் ஊருக்கும் இடையே ஒரு பகல் முழுதும் வண்டி ஓட்டினாலும் எதிரே பத்து வண்டிகளைக் காண்பது அரிது. இத்தகைய நிலத்தில் பெரிய விமானத்தை நிரப்ப ஆள் கிடையாது. விமானமே இல்லாமலும் வாழ முடியாது. ஆறு பேர், பன்னிரண்டு பேர், முப்பது பேர் ஏறும் விமானங்கள் அங்கே பிழைப்பது இதனால்தான். பிழைப்பது என்ற சொல்லை எண்ணியே சொல்கிறேன். நமீபியாவின் அரசு விமான நிறுவனம் 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரேயடியாக மூடப்பட்டது. போட்ஸ்வானாவின் அரசு நிறுவனத்துக்கு 1999ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் நேர்ந்தது அதனினும் துயரமானது. பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருந்த அதன் விமானி ஒருவர், பயணிகள் எவருமில்லாத விமானம் ஒன்றைத் தாமே எடுத்துக்கொண்டு காபரோன் நகரின் மேல் நெடுநேரம் வட்டமிட்டார். முடிவில், தரையில் நின்றிருந்த அதே நிறுவனத்தின் மற்ற இரு விமானங்கள் மீது மோதி மாண்டார். ஒரு மனிதரின் மனமுறிவில் ஒரு நாட்டின் விமானப் போக்குவரத்தே ஒரு காலைப்பொழுதில் நின்றுபோயிற்று. சிறிய நிறுவனம் என்றால் எவ்வளவு சிறியது என்பதை இதைவிட எப்படி விளக்குவது?

நான் அடிக்கடி ஏறியது அதனினும் சிறியவற்றில். மவுன் என்னும் ஊர் ஒக்கவாங்கோ ஆற்றின் கழிமுகத்துக்கு வாயில். கழிமுகம் என்று பழக்கத்தால் சொல்கிறோம். அந்த ஆறு கடலையே காண்பதில்லை. அங்கோலாவின் மேட்டுநிலத்தில் பிறந்து, கலகாரி மணலில் விரல்விரித்துப் பரந்து, அங்கேயே வற்றிவிடுகிறது. மேட்டுநிலத்தில் பெய்த மழை மாதக்கணக்கில் நடந்து வந்து சேர்வதால், மவுனில் ஒரு துளி மழையும் இல்லாத வறண்ட குளிர்காலத்தில்தான் வெள்ளம் வருகிறது. அந்த நீர்ப்பரப்பின் நடுவே தீவு தீவாக இருக்கும் முகாம்களுக்கும் சிற்றூர்களுக்கும் செஸ்னா வகைச் சிறு விமானங்களே மாட்டுவண்டி.

அவ்விமானங்களில் ஏறுமுன் பயணப்பையை நிறுப்பார்கள்; பல வேளைகளில் பயணியையும் நிறுப்பார்கள். இருபது கிலோவுக்கு மேல் மூட்டை கூடாது. அதுவும் மடங்கும் துணிப்பையாக இருத்தல் வேண்டும். விமானத்தின் வயிற்றுக்குக் கீழே உள்ள குறுகிய அறைக்குள் பெட்டி நுழையாது. எடை மேடையில் ஏறும்போது பெருந்தனக்காரர்களின் முகத்தைப் பார்க்க வேண்டும்! பதவி, பட்டம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கழித்துவிட்டு வெறும் எண்ணாகத் தாளில் ஏறுவது அவர்களுக்குப் பழக்கமில்லாதது. சற்றுப் பருத்தவரை முன்னே அமரச் சொல்வார்கள், மெலிந்தவரைப் பின்னே அனுப்புவார்கள். தராசுத்தட்டைச் சமன்செய்யும் மளிகைக்கடைக்காரரின் கணக்குத்தான். பகல் வெயிலில் காற்று சூடேறி இலேசாகும்போது சிறகுக்குப் பிடிமானம் குறையும். ஆதலால் காலையில் ஏற்றிய சுமையைப் பிற்பகலில் ஏற்ற மாட்டார்கள்.

விமானிகள் பெரும்பாலும் இருபத்தைந்து வயதைத் தாண்டாத இளைஞர்கள். பெரிய நிறுவனங்களில் சேரத் தேவையான பறப்பு மணிகளைச் சேர்ப்பதற்காகப் பல நாடுகளிலிருந்து மவுனுக்கு வந்து காத்துக்கிடப்பவர்கள். இருக்கைப் பட்டியை எப்படி மாட்டுவது என்று அவரே திரும்பி நமக்குச் சொல்வார். மூட்டையை அவரே ஏற்றுவார். பறக்கையில் அவர் பின்கழுத்து வியர்ப்பதை நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். ஒருமுறை இறங்கவேண்டிய மண்பாதையில் வரிக்குதிரைகள் நின்றிருந்தன. எங்கள் விமானி அவற்றின் தலைக்கு மேலே தாழப் பறந்து விரட்டிவிட்டு, வட்டமிட்டுத் திரும்பி வந்து இறங்கினார். அனல்காற்று கீழிருந்து எத்த, விமானம் முறத்தில் புடைத்த நெல்லாகத் துள்ளியது. என் பக்கத்தில் தம் மகளைப் பார்க்கச் செல்லும் மூதாட்டி ஒருவர் அமர்ந்திருந்தார். வழிநெடுக ஒரு சொல்லும் பேசவில்லை. சக்கரம் மண்ணைத் தொட்டதும் 'புலா' என்றார். அவர்கள் மொழியாகிய செட்சுவானாவில் புலா என்றால் மழை. வாழ்த்தும் அதுவே, அந்நாட்டு நாணயத்தின் பெயரும் அதுவே. மழையை எதிர்நோக்கும் மண்ணில் நல்லது எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதுமானதாக இருக்கிறது. அந்த ஒற்றைச் சொல்லை ஒரு பயணக்கவிதையாகவே நான் மனத்தில் வைத்திருக்கிறேன்.

இனி, நிலத்தை விட்டுக் கடலுக்குச் செல்வோம். தென் அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே, ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர் தொலைவில் செயின்ட் எலனா என்றொரு தீவு. பரப்பு சுமார் 122 சதுர கிலோமீட்டர்; மக்கள் ஏறக்குறைய 4,500 பேர். நெப்போலியனை 1815ஆம் ஆண்டு அக்டோபரில் கொண்டுபோய் வைத்த இடம்; அவன் 1821இல் இறந்ததும் அங்கேயே. சூலூ மன்னர் தினுசூலு 1890ஆம் ஆண்டிலிருந்து ஏழாண்டு அங்கே சிறையிருந்தார். போயர் போரில் பிடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் அங்கு அடைக்கப்பட்டனர். தப்பமுடியாத இடம் என்பதே அத்தீவின் தொழிலாக இருந்தது. நமக்கும் அதற்கும் தொடர்பே இல்லை என்று எண்ணவேண்டாம். 1659 முதல் 1834 வரை அது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இருந்தது. சென்னைப் பட்டினத்திலிருந்து தாயகம் திரும்பும் கம்பெனிக் கப்பல்கள் நீரும் கீரையும் ஏற்றிக்கொள்ள அங்கே ஒதுங்கின. சீரங்கப்பட்டணத்துப் போரில் பணியாற்றி, திப்புவின் வீழ்ச்சியை நூலாக எழுதிய அலெக்சாண்டர் பீட்சன்தான் 1808 முதல் 1813 வரை அத்தீவின் ஆளுநர்.

இத்தீவுக்கு அண்மைக்காலம்வரை கப்பல் ஒன்றே வழி. தீவின் பெயரையே தாங்கிய அஞ்சற்கப்பல் 1990ஆம் ஆண்டிலிருந்து ஓடியது. கேப்டவுனிலிருந்து ஐந்து இரவுகள் ஆகும். தீவுக்காரர்கள் அதனை வண்டி என்று கருதவில்லை, உறவு என்றே கருதினார்கள். குழந்தைகள் படிக்கப்போனது அதில். வேலைதேடிப் போன பிள்ளைகள் திரும்பியதும் அதில். காய்கறி, கார், கட்டில், சவப்பெட்டி எல்லாம் அதில். கப்பல் கிளம்பும் நாளில் துறைமுகப் படிகளில் ஊரே கூடிநிற்கும்.

பிறகு விமான நிலையம் கட்டினார்கள். பிரித்தானிய அரசு 28½ கோடி பவுனைச் செலவிட்டது. ஒரு பள்ளத்தாக்கையே ஏறத்தாழ 80 இலட்சம் கன மீட்டர் பாறையால் நிரப்பி, அதன்மேல் ஓடுபாதையை நீட்டினார்கள். 2016ஆம் ஆண்டு மே மாதம் திறப்புவிழா. அதற்கு முந்தைய மாதம் சோதனைக்காக வந்த போயிங் விமானம் பெரும்பாடுபட்டே இறங்கியது. தென்கிழக்கிலிருந்து ஓயாது வீசும் வாணிபக் காற்று தீவின் செங்குத்துப் பாறைகளில் மோதிச் சுழன்று, ஓடுபாதையின் தலைமாட்டில் திடீர் திடீரெனத் திசைமாறுகிறது என்பது அப்போது வெளிச்சமாயிற்று. திறப்புவிழா நின்றது. உலகிலேயே பயனற்ற விமான நிலையம் என்று ஆங்கிலச் செய்தித்தாள்கள் எள்ளி நகையாடின.

இவ்விடத்தில் கவிஞர்கள் சற்றுக் காதுகொடுக்க வேண்டுகிறேன். 1836ஆம் ஆண்டு சூலை மாதத்தில் சார்லஸ் டார்வின் அத்தீவில் சில நாள் தங்கினார். உயரமான ஒரு பாறைவிளிம்பில் நின்றபோது கண்ட காட்சியை அவர் தம் பயண நூலில் பதிந்திருக்கிறார். சற்றுத் தள்ளிக் கடற்பறவைகள் பலத்த காற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தன. அவர் நின்ற இடத்திலோ இலை அசையவில்லை. விளிம்பை ஒட்டிச் சென்று கையை நீட்டினாராம். கை முழுவேகக் காற்றில் அகப்பட்டுக்கொண்டது. அமைதிக்கும் சூறைக்கும் நடுவே இரண்டு கசம் அகலத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சுவர் இருப்பதை அவர் உணர்ந்தார். நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின் பொறியாளர்கள் கோடிகளைக் கொட்டிக் கண்டது, ஓர் இளைஞர் கையை நீட்டித் தொட்டறிந்த அதே சுவரைத்தான். பொறியாளர்களை நான் பழிக்கவில்லை. ஆனால் திட்டம் தீட்டுவோர் பயண நூல்களையும் கொஞ்சம் புரட்டலாம் என்று சொல்ல ஓர் இலக்கியவட்ட மேடையைவிடப் பொருத்தமான இடம் எனக்குக் கிடைக்காது.

பெரிய விமானம் தோற்ற இடத்தில் சிறியதை அழைத்தார்கள். தென்னாப்பிரிக்காவின் ஏர்லிங்க் 1992இல் தொடங்கி, சிற்றூர்களையும் அண்டை நாடுகளையும் இணைத்துவந்த நிறுவனம். 2017ஆம் ஆண்டு மே மாதம் அஞ்சற்கப்பல் பழுதுற்று நின்றுவிட, அதற்காகக் காத்திருந்து தவித்தவர்களை ஏற்றிச்செல்ல அந்நிறுவனத்தின் விமானம் ஒன்று தீவில் இறங்கியது. அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து முதல் வழக்கமான பயணம் தொடங்கிற்று. வாரம் ஒருமுறை, இடையில் நமீபியாவில் நின்று செல்லும். ஏறத்தாழ நூறு பேர் அமரக்கூடிய விமானத்தில் தொடக்கத்தில் 76 பேருக்கு மேல் ஏற்றவில்லை. மவுனின் எடை மேடை நினைவுக்கு வருகிறதல்லவா? இறங்கமுடியாமற் போனால் ஒதுங்குவதற்கு அண்மையில் வேறு நிலம் இல்லை. அடுத்த தீவாகிய அசென்சன் 1,300 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆகவே திரும்பிச் செல்வதற்கான எரிபொருளையும் சுமந்துகொண்டே செல்லவேண்டும். எரிபொருள் ஏற, மனிதர் குறைவர்.

நமீபியக் கரையை விட்டபின் நெடுநேரம் கீழே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு ஒரு கரிய பாறை. விமானம் தாழ்கிறது. இரண்டொரு முறை முயன்று, காற்று வழிவிடாமல், வந்த வழியே நமீபியாவுக்குத் திரும்பிப்போன நாள்கள் உண்டு. தாய்வீட்டுக் கூரையைச் சன்னல் வழியே பார்த்துவிட்டு, மீண்டும் நெடுநேரம் பின்னோக்கிப் பறந்து, முன்பின் அறியாத ஊரின் விடுதியில் படுத்திருக்கும் மகனை எண்ணிப்பாருங்கள். கப்பற்காலத்தில் இந்தத் துயரம் இல்லை. கப்பல் தாமதமாகும், ஆனால் கண்ட கரையை விட்டுவிட்டுத் திரும்பாது. நெய்தல் திணையில் இரங்கல் கரையில் நிற்பவளுக்கு உரியது. இங்கே வானத்திலிருந்து கரையைப் பார்ப்பவனும் இரங்குகிறான். இது புதிய உரிப்பொருள் ஆகாதா?

அஞ்சற்கப்பல் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் தீவைவிட்டுக் கடைசியாகப் புறப்பட்டபோது கரையில் கண்ணீர் விட்டவர்கள் பலர். ஐந்து இரவுகளின் உரையாடலும் சீட்டாட்டமும் நட்பும் போயின என்று வருந்துகிறவர்களில் நானும் ஒருவனாக இருக்கக்கூடியவன்தான். என்றாலும், அந்த வருத்தம் நலமாக இருப்பவனின் வருத்தம். தீவின் மருத்துவமனையில் செய்யவியலாத சிகிச்சைக்கு நோயாளிகள் தென்னாப்பிரிக்காவுக்கே போகவேண்டியிருக்கிறது. நோயோடு ஐந்து இரவு கடலில் கிடந்தவர்களையும், அடுத்த கப்பல்வரை தாங்காதவர்களையும் கேட்டால் பாட்டு வேறாக இருக்கும். திறப்புவிழா நின்றுபோன அந்த 2016ஆம் ஆண்டிலேயே, நோயாளியை ஏற்றிச்செல்லும் சிறு விமானம் அந்தப் 'பயனற்ற' ஓடுபாதையில் வந்து இறங்கத் தொடங்கிவிட்டது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020ஆம் ஆண்டு நின்ற வழக்கமான பயணங்கள் 2022இல்தான் மீண்டன. அப்போதுதான் வாராந்தர விமானத்தின் அருமை ஏளனம் செய்தவர்க்கும் விளங்கியிருக்கும்.

இதுவரை சொன்னவை விரும்பி ஏறியவர்களின் கதை. வேறொரு பயணிகளைச் சொல்லாமல் இந்தப் பேச்சை முடித்தால் அது நேர்மையாகாது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு அண்டை நாடுகளிலிருந்து ஆள்பிடிக்க ஓர் அமைப்பு இருந்தது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து வெனெலா என்று அழைத்தனர். 1950களிலிருந்து அது சொந்தமாக விமானங்களையே ஓட்டியது. மலாவி போன்ற தொலைநாட்டு இளைஞர்களை வானில் ஏற்றிப் போட்ஸ்வானாவின் பிரான்சிஸ்டவுனில் இறக்கி, அங்கிருந்து புகைவண்டியில் ஜோகன்னஸ்பர்க்குக்குக் கொண்டுசெல்லும். ஒப்பந்தம் முடிந்ததும் அவ்வழியே திருப்பி அனுப்பும். மேட்டுக்குடியினரே விமானத்தில் பறந்த காலத்தில், காலில் செருப்பில்லாத உழவன் முகிலுக்கு மேலே பறந்தான். அத்தனை உயரம் ஏறியது, நிலத்துக்குக் கீழே ஆயிரக்கணக்கான அடி இறங்குவதற்காக.

1974ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள், ஒப்பந்தம் முடித்து ஊர் திரும்பும் மலாவித் தொழிலாளர்களுடன் வெனெலாவின் டி.சி.-4 விமானம் ஒன்று பிரான்சிஸ்டவுனிலிருந்து கிளம்பியது. அதன் இயந்திரங்களுக்குரிய பெட்ரோலில் ஜெட் விமானங்களுக்கான எரிபொருள் கலந்துவிட்டிருந்தது. ஏறிய சிறிது நேரத்தில் இயந்திரங்கள் செயலிழந்தன. விமானத்தில் இருந்த 84 பேரில் 78 பேர் மாண்டனர். மலாவியின் அதிபர் பண்டா ஆள்சேர்ப்பை உடனே நிறுத்தினார். நூறாயிரத்துக்கும் மேற்பட்ட மலாவியர் அச்சமயம் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் இருந்தனர். குறைந்த அளவில் ஆள்சேர்ப்பு மீண்டும் தொடங்க மூன்றாண்டு ஆயிற்று. தங்கத்தின் கணக்கே அந்த ஒரு வீழ்ச்சியால் அசைந்தது.

நம் மரபு தெரிந்தவர்கள் இங்கே சற்று நிற்பார்கள். பொருள்வயிற் பிரிந்தவன் பாலை வழியே போகிறான். வினை முற்றியவன் முல்லை நிலத்தில், மாலைக்குள் வீடு சேரவேண்டும் என்று தேர்ப்பாகனை விரைவுபடுத்துகிறான். அந்த 78 பேரில் பெரும்பாலோர் முல்லைப் பாட்டுக்குள் இருந்தவர்கள். கூலி கையில், போர்வையும் பாத்திரமும் மூட்டையில், வீட்டில் விளக்கு. தேர் மட்டும் போய்ச் சேரவில்லை.

அதே 1974ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க இசைவாணர் ஹியூ மசெகேலா 'ஸ்டிமெலா' என்ற பாடலை இசைத்தட்டாக வெளியிட்டார். அண்டை நாடுகளிலிருந்தெல்லாம் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றிவரும் புகைவண்டியைப் பற்றிய பாடல் அது. வண்டியின் மூச்சையும் ஊதலையும் தம் குரலிலேயே எழுப்புவார். அப்பாடலை உலகம் அறியும். லெசோத்தோ நாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் தங்கள் பயணத்தைப் பற்றிக் கட்டிப் பாடும் நெடும்பாட்டு மரபிலும் புகைவண்டி ஓயாமல் ஓடுகிறது. புகைவண்டிக்குத் தாளம் உண்டு, அதனால் பாட்டு வந்தது என்பார்கள். முழுதும் ஏற்க என்னால் இயலவில்லை. புகைவண்டியில் ஆள் ஆளோடு ஒட்டி அமர்ந்து, நாள்கணக்கில் பேசிப் பாடிக்கொண்டு போனான். பாட்டு அங்கேயே பிறந்து அடுத்த பெட்டிக்குப் பரவியது. விமானத்தில் இரைச்சலும் அச்சமும் சேர்ந்து அவன் வாயை அடைத்தன. பேசுவதற்கு வாய் திறக்குமுன் பயணம் முடிந்தது. பாட்டுக்குத் தேவையான காலத்தை விமானம் அவனுக்குத் தரவில்லை. அந்தக் காலத்தைத் தரக்கூடியவர்கள், பறந்து முடித்தபின் உட்கார்ந்து எழுதுகிறவர்கள்தாம். அந்த இடத்தில்தான் நம் போன்றவர்களின் மௌனம் எனக்கு உறுத்துகிறது.

மலாவியின் பிளாண்டயர் நகரில் ஒரு பேருந்து நிலையம் இருக்கிறது. ஆள்பிடித்த அமைப்பும் அதன் விமானங்களும் மறைந்து பல்லாண்டாகியும் அந்நிலையத்தின் பெயர் வெனெலா. ஊரிலிருந்து வருபவர்கள் அங்கே இறங்கி, மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுத்த வண்டியைத் தேடிப் போகிறார்கள்.